குதிகால் வலி: வலிக்கும் இடத்தையும் நேரத்தையும் வைத்துக் காரணம் தேடும் வழி

பிசியோதெரபிக்குக் குதிகால் வலியோடு வருகிறவர்களில் பலர் உட்கார்ந்ததும் எக்ஸ்ரேயை எடுத்து நீட்டுவார்கள். "எலும்பு வளர்ந்திருக்குன்னு சொல்லிட்டாங்க" என்பார்கள். சரி, எங்கே வலிக்கிறது, ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள் என்றால் அப்போதுதான் யோசிக்கவே தொடங்குவார்கள். விரல் போய் நிற்கிற இடமும் வலி வருகிற நேரமும் பெரும்பாலும் அந்த எக்ஸ்ரேயைவிட அதிகம் சொல்லிவிடும். அதனால் நோயின் பெயர்களை விட்டுவிட்டு, உங்களுக்கு என்ன தெரிகிறதோ அதை வைத்தே கீழே பிரித்திருக்கிறேன். முதல் இரண்டு பகுதிகளை எல்லாரும் படியுங்கள். அப்புறம் உங்களுக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

## இவற்றில் ஒன்று இருந்தாலும் இன்றே மருத்துவமனை

- உயரத்திலிருந்து குதித்தோ விழுந்தோ குதிகால் தரையில் மோதியது, அதன்பின் நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. குதிகால் எலும்பு உடைந்திருக்கலாம். இப்படி விழுந்தவர்களுக்கு முதுகெலும்பிலும் அடி பட்டிருக்கக்கூடும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.
- கணுக்காலுக்குப் பின்னால் "டப்" என்று ஏதோ அறுந்த மாதிரி, யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி இருந்தது. இப்போது அந்தக் காலால் நுனிக்காலில் எழ முடியவில்லை.
- குதிகால் சிவந்து, சூடாகி, வீங்கியிருக்கிறது. கூடவே காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம்.
- சர்க்கரை நோய் இருக்கிறது, பாதத்தில் புண், கொப்புளம், நிறமாற்றம் அல்லது சீழ் தெரிகிறது. வலி இல்லாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம்.
- ஆணியோ கம்பியோ செருப்பையும் தாண்டிப் பாதத்தில் ஏறியது. தடுப்பூசி போட்டால் மட்டும் போதாது. சில நாள் கழித்து வலி மறுபடி கூடினால் கிருமி எலும்பு வரை போயிருக்கலாம்.
- சாய்ந்து படுத்திருக்கும்போதும், தூக்கத்திலும் விடாமல் வலிக்கிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது. இதற்கு மட்டும் ஒரு நாள் இரண்டு நாள் பொறுக்கலாம், மாதக்கணக்கில் பொறுக்கக் கூடாது.

## இடம், நேரம், மாற்றம்

நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்ற தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் குதிகாலை நான்கு இடங்களில் அழுத்திப் பாருங்கள்: குதியின் அடிப்பக்கம் முன்னால் உள்பக்கமாக, அடிப்பக்கத்தின் நட்டநடுவில், பின்பக்கத்தில் கெண்டைக்கால் தசையைக் குதி எலும்போடு இணைக்கும் நாண் வந்து சேரும் இடத்தில், கடைசியாக இரண்டு பக்கமும் சேர்த்து உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து இறுக்கி. எங்கே "ஆமாம், இதுதான்" என்று தோன்றுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். முதல் அடியிலா, நாள் முழுக்க நின்ற பிறகா, ஓடும்போதா, படுத்திருக்கும்போதா?

மூன்றாவது கேள்விதான் பலர் கேட்டுக்கொள்ளாதது: வலி தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் என்ன மாறியது? புதுச் செருப்பு, நின்றுகொண்டே செய்யும் வேலை, திடீரென்று தொடங்கிய நடைப்பயிற்சி, கடினமான தரைக்கு வீடு மாறியது, எடை கூடியது, கர்ப்பம். பதில் கிடைத்தால் பாதிச் சிகிச்சை அதிலேயே இருக்கிறது.

## காலையில் முதல் அடி வைத்ததும் சுருக்கென்று குத்துகிறது

வருகிறவர்களில் மிகப் பலருக்கு இதுதான். பத்து இருபது அடி நடந்ததும் தணியும், நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி குத்தும், நாளின் முடிவில் மந்தமான வலியாக நிற்கும். அழுத்தினால் வலிக்கும் இடம் குதியின் அடியில், முன்பக்கம், உள்ளோரம். கால் கட்டைவிரலைக் கையால் மேல்நோக்கி வளைத்துக்கொண்டு அதே இடத்தை அழுத்தினால் வலி கூடும். இவை எல்லாம் பொருந்தினால் பெரும்பாலும் பாதத்தின் அடியில் குதியிலிருந்து விரல்கள் வரை ஓடும் தடித்த திசுப்பட்டை அளவுக்கு மீறி இழுபட்டிருக்கிறது. மருத்துவர்கள் பிளாண்டர் ஃபேசியைட்டிஸ் என்று எழுதித் தருவது இதைத்தான்.

செருப்பிலிருந்து தொடங்குங்கள். உங்கள் காலணியை இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால், துணி பிழிவது மாதிரி முறுக்க முடிந்தால், குதிப்பகுதி ஒருபக்கம் தேய்ந்திருந்தால் அதை மாற்றுங்கள். குதி சற்றே உயர்ந்து, மெத்தென்று இருக்கும் காலணி வேண்டும். வீட்டுக்குள்ளும் வலி தணியும் வரை வெறுங்காலோடு நடக்க வேண்டாம். படுக்கைக்குப் பக்கத்திலேயே ஒரு ஜோடி இருக்கட்டும். குளியலறைக்குப் போகும் அந்தச் சில அடிகளில்தான் பலருக்குப் பட்டை தினமும் புதிதாக இழுபடுகிறது.

அப்புறம் கெண்டைக்கால். சுவரைப் பார்த்து நின்று, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, முழங்கால் மடங்காமல், குதி தரையை விட்டு எழாமல் முன்னால் சாயுங்கள். மற்ற காலைவிட இது சீக்கிரமே இறுகி நின்றால் கெண்டைக்கால் தசை இறுகிப்போயிருக்கிறது. அந்த இறுக்கம் நேராகக் குதிக்கு வந்து சேரும். அதே நிலையில் 30 வினாடி, மூன்று முறை, நாளுக்கு இரண்டு வேளை செய்யுங்கள்.

பட்டைக்கே உரிய நீட்சி. காலையில் கண் விழித்ததும், தரையில் கால் வைக்கும் முன்பே செய்ய வேண்டும். காலை மற்ற தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக மேல்நோக்கி இழுங்கள். மறுகையால் உள்ளங்காலைத் தடவினால் பட்டை கயிறு மாதிரி விறைத்து நிற்பது தெரியும். 10 வினாடி, 10 முறை. நாளுக்கு மூன்று வேளை. நெடுநேரம் உட்கார்ந்து எழும் முன்பும் இதைச் செய்துவிட்டு எழுந்தால் அந்தச் சுருக் வலி குறைந்தே வரும்.

இரண்டு வாரம் கழித்து வலுவேற்றுதல். ஒரு துண்டை உருட்டிப் படிக்கட்டின் விளிம்பில் வைத்து, விரல்கள் அதன்மேல் மேல்நோக்கி வளைந்திருக்கும்படி ஒற்றைக் காலில் நில்லுங்கள். சுவரைப் பிடித்துக்கொள்ளலாம். 3 வினாடியில் நுனிக்காலில் எழுந்து, உச்சியில் 2 வினாடி நின்று, 3 வினாடியில் இறங்குங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள், 12 முறை. ஒற்றைக் காலில் முடியாதவர்கள் இரண்டு காலாலும் தொடங்கலாம். செய்யும்போது சற்று வலிப்பது பரவாயில்லை. மறுநாள் காலை முதல் அடி முன்பைவிட மோசமானால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் வைப்பது, உறைந்த தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலால் உருட்டுவது எல்லாம் அன்றைய வலிக்கு நல்லது. ஆனால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் செய்யவே கூடாது. வலி மாத்திரையைச் சில நாளுக்கு மருத்துவர் தரலாம். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், கர்ப்பம், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவது, இதில் எது இருந்தாலும் கேட்காமல் வாங்கிப் போடாதீர்கள்.

இந்த இடத்தில் பொறுமை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இந்த வலி வாரங்களில் தணியத் தொடங்கி, மாதங்களில் போகிறது. பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகிவிடும். நான் பார்க்கும் தோல்விகளில் அதிகம், மூன்றாவது வாரத்தில் கொஞ்சம் தேறியதும் பயிற்சியை விட்டுவிட்டு, பழைய செருப்புக்கும் பழைய நடைக்கும் திரும்பியவர்களுடையது. நடையை முழுதாக நிறுத்தவும் வேண்டாம். தூரத்தைப் பாதியாக்கி, வலி தணியத் தணியக் கூட்டுங்கள்.

### எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருக்கிறது என்கிறார்களே?

குதியில் அந்த முள் மாதிரியான நீட்சி, வலியே இல்லாத பலருக்கும் இருக்கிறது. வலி போன பிறகும் அது அப்படியே இருக்கும். வலிக்கு அதுதான் காரணம் என்று நினைத்து அதைக் கரைக்க வழி தேடுகிறவர்கள், செருப்பையும் பயிற்சியையும் விட்டுவிட்டு மாதங்களை இழக்கிறார்கள். அந்த முள்ளோடேயே நீங்கள் வலியில்லாமல் நடக்க முடியும்.

### ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் மாற்றமில்லை

இப்போது எலும்பு மூட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். பாதத்தில் டேப் ஒட்டுவது சில நாள் நிம்மதி தரும், உள்ளங்கால் வளைவைத் தாங்கும் இன்சோல் பொருந்தும்படி தருவார்கள், இரவில் பாதத்தை மேல்நோக்கி நிறுத்தும் பட்டி போடச் சொல்லலாம். அதற்கும் அடங்காவிட்டால் அதிர்வலைச் சிகிச்சை.

ஸ்டீராய்டு ஊசி வலியைச் சீக்கிரம் அடக்கும். ஆனால் அந்தப் பலன் சில வாரங்களில் தேய்ந்துவிடுவது வழக்கம். திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகவும், குதியின் கொழுப்பு மெத்தை மெலியவும் வாய்ப்புண்டு. போடவே கூடாது என்று சொல்லவில்லை. ஊசி தரும் நிம்மதியான வாரங்களில் பயிற்சியைத் தொடங்கிவிடுகிறவருக்கு அது உதவும். ஊசியை மட்டுமே நம்புகிறவர் மறுபடி அதே இடத்துக்கு வந்து நிற்பார். அறுவை சிகிச்சை, எல்லாவற்றையும் ஆறு மாதமாவது செய்து பார்த்த பிறகு, வெகு சிலருக்கு.

## குதியின் நட்டநடுவில், கல்லின்மேல் மிதித்த மாதிரி வலி

முதல் அடியில் பெரிய வித்தியாசம் இல்லை. நிற்க நிற்க, வெறுங்காலோடு கடினத் தரையில் நடக்க நடக்கக் கூடுகிறது. நடுவில் ஆழமாக அழுத்தினால் வலிக்கும். குதிக்கு அடியில் இயற்கையாக இருக்கும் கொழுப்பு மெத்தை அடிபட்டோ மெலிந்தோ இருக்கலாம். வயதானவர்களுக்கு இது அதிகம், பலமுறை ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களுக்கும் வரும்.

இங்கே நீட்சிப் பயிற்சி பெரிதாக உதவாது. மெத்தைதான் வேண்டும்: மென்மையான அடிப்பாகம் உள்ள காலணி, அதற்குள் கிண்ணம் மாதிரி குதியைச் சுற்றி அணைக்கும் சிலிக்கான் ஹீல் கப். மருத்துவரிடம் ஊசி பற்றிப் பேச்சு வந்தால், வலி நடுவில்தான் இருக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். மெலிந்த மெத்தையை அந்த ஊசி இன்னும் மெலிய வைக்கலாம்.

## குதிகாலின் பின்பக்கம் வலிக்கிறது

ஷூவின் பின்விளிம்பு படும் இடத்தில் புடைப்பு, சிவப்பு. விளிம்பு உரசி, எலும்புக்கும் நாணுக்கும் இடையே உள்ள நீர்ப்பை வீங்கியிருக்கும். பின்பக்கம் திறந்த காலணிக்கு மாறிச் சில வாரம் பாருங்கள். பலருக்கு இதுவே போதும்.

நாண் எலும்பில் சேரும் இடத்திலேயே வலி, காலையில் விறைப்பு. இரண்டு காலணியிலும் சின்னக் குதி உயர்த்தி வையுங்கள். சமதரையில் நின்று மெதுவாக நுனிக்காலில் எழுந்து இறங்குங்கள். ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும்: படிக்கட்டு விளிம்பில் நின்று குதியைக் கீழே தொங்கவிடும் பயிற்சி. அது நாணை எலும்போடு நசுக்கி வலியைக் கூட்டும். முதல் வகை வலிக்குச் சொன்ன பயிற்சியை இவர்கள் செய்து மோசமாக்கிக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

சேரும் இடத்துக்கு மேலே, 2 முதல் 6 சென்டிமீட்டரில் தடிப்பும் வலியும். இது நாணின் நடுப்பகுதி. ஓட்டத்தைத் திடீரென்று கூட்டியவர்களுக்கு அதிகம். இதற்குப் படிக்கட்டு விளிம்புப் பயிற்சி நல்லது. மூன்று மாதமாவது தொடர வேண்டும்.

இரண்டு கேள்விகள் இங்கே முக்கியம். அண்மையில் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா? இந்த வகை மருந்துகள் நாணைப் பலவீனப்படுத்தி அறுத்துவிடக்கூடும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வலி வந்தால் அடுத்த மாத்திரைக்கு முன் அதைக் கொடுத்த மருத்துவரிடம் பேசுங்கள். அதுவரை ஓட்டமும் பயிற்சியும் வேண்டாம். இரண்டாவது, இரண்டு கால் நாணிலும் கட்டி கட்டியாகத் தடிப்பு இருக்கிறதா? கொலஸ்ட்ரால் பரம்பரையாக மிக அதிகமாக இருக்கும் குடும்பங்களில் அப்படி வருவதுண்டு. ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

நாண் அறுந்ததா என்று சந்தேகம். குப்புறப் படுத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்கட்டும். இன்னொருவர் கெண்டைக்காலைப் பிடித்து அமுக்கட்டும். பாதம் தானாக, நுனிக்காலில் எழும்போது நீள்வது மாதிரி, அசைய வேண்டும். அசையாவிட்டால், அல்லது மற்ற காலைவிட வெகு குறைவாக அசைந்தால், ஊன்றாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வலி சில மணியில் தணிந்துவிடுவதால் சுளுக்கு என்று விட்டுவிடுகிறார்கள். தாமதமானால் சிகிச்சை கடினமாகும்.

## இரண்டு பக்கமும் சேர்த்து இறுக்கினால் உயிர் போகிறது

உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து இறுக்கும்போதுதான் அதிக வலி என்றால், பெரியவர்களிடம் முதலில் நினைக்க வேண்டியது எலும்பில் மெல்லிய விரிசல். அண்மையில் ஓட்டத்தையோ அணிவகுப்புப் பயிற்சியையோ கூட்டியவர்கள், எலும்பு மெலிந்தவர்கள், மாதவிடாய் நின்ற பெண்கள், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதில் அடங்குவார்கள். நடக்க நடக்க வலி தணியாது, கூடும். ஓய்வெடுத்தால் குறையும். லேசான வீக்கமும் இருக்கலாம்.

இங்கே அழுத்தித் தேய்ப்பது, நீட்சி, நடந்து பழக்குவது எதுவும் வேண்டாம். காலில் பாரத்தைக் குறைத்து மருத்துவரிடம் போங்கள். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரே ஒன்றும் காட்டாமல் இருக்கலாம். "எக்ஸ்ரே நார்மல்" என்றதும் பழையபடி ஓடத் தொடங்கிவிடாதீர்கள். வலி தொடர்ந்தால் எம்ஆர்ஐ பற்றிக் கேளுங்கள். விரிசலுக்குக் காரணம் அறிய எலும்பு அடர்த்தியும் வைட்டமின் டி அளவும் பார்க்க வேண்டியிருக்கும்.

## எரிச்சல், மின்சாரம் பாய்ந்த மாதிரி, மரத்துப்போதல்

இது நரம்பின் பேச்சு. செருப்பை மாற்றினால் மட்டும் போதாது.

உள்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் விரலால் தட்டிப் பாருங்கள். உள்ளங்காலுக்குள் ஜிவ்வென்று பாய்ந்தால் நரம்பு அங்கே நெருக்கப்படுகிறது. தட்டினால் ஒன்றுமில்லை, ஆனால் இடுப்பிலிருந்து தொடையின் பின்பக்கமாக வலி இறங்குகிறது, அந்தக் காலால் நுனிக்காலில் எழுவது பலவீனமாக இருக்கிறது என்றால் பிரச்சினை முதுகில். இரண்டு பாதமும் ஒரே மாதிரி எரிகிறது, இரவில் கூடுகிறது என்றால் ரத்தச் சர்க்கரையும் வைட்டமின் பி12 அளவும் பார்க்க வேண்டும். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்குப் பி12 குறைவது உண்டு.

மூன்றுக்குமே மருத்துவர் தேவை. கால் பலவீனத்தோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போனாலோ அது அவசர நிலை.

## இரண்டு குதிகாலும் வலிக்கிறது, காலையில் முதுகும் விறைக்கிறது

இந்தத் தலைப்பை இளைஞர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். வருடக்கணக்கில் செருப்பு மாற்றி, இன்சோல் மாற்றி, கடைசியில் வேறொரு நோய் தெரியவருவது இவர்களுக்குத்தான்.

45 வயதுக்குள் தொடங்கிய முதுகுவலி, காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, ஓய்வெடுத்தால் கூடி நடமாடினால் குறைவது, பின்னிரவில் வலியால் விழிப்பது. இதனோடு குதிகால் வலியும் இருந்தால் முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சி நோயாக இருக்கலாம். கண் சிவந்து வெளிச்சம் கூசியதுண்டா, தோலில் செதில் படை உண்டா, நகங்களில் குழிகள் உண்டா, வீட்டில் யாருக்காவது இப்படி உண்டா என்று யோசித்து வையுங்கள். வயிற்றுப்போக்கோ பாலுறவு மூலம் பரவும் சிறுநீர்க்குழாய்த் தொற்றோ வந்த சில வாரங்களில் குதிகாலும் முழங்காலும் வீங்குவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

போக வேண்டியது மூட்டு அழற்சி மருத்துவரிடம், அதாவது ருமட்டாலஜிஸ்ட். அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி, மரபணு சார்ந்த எச்எல்ஏ பி27 ஆகிய ரத்தப் பரிசோதனைகளும், முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டுகளின் படங்களும் எடுக்கச் சொல்வார். சீக்கிரம் பிடித்தால் நல்ல மருந்துகள் இருக்கின்றன.

## ஓடி விளையாடும் பிள்ளைக்குக் குதிகால் வலி

8 முதல் 14 வயதுக்குள், விளையாடி முடித்ததும் நொண்டுகிறது, குதியை இரு பக்கமும் இறுக்கினால் வலிக்கிறது. வளரும் எலும்பின் தகட்டில் நாண் இழுப்பதால் வருவது இது. எலும்பு முற்றியதும் தானே போய்விடும், நிரந்தரக் கேடு இல்லை. விளையாட்டைக் குறைத்து, ஹீல் கப் வைத்து, கெண்டைக்கால் நீட்சி செய்யச் சொல்லுங்கள். பிள்ளை பொய் சொல்வதாக நினைத்துத் துரத்த வேண்டாம்.

காய்ச்சல், ஓய்விலும் வலி, ஒரு பக்கம் மட்டும் வீக்கம், காலையே ஊன்ற மறுப்பது, இவற்றில் எது இருந்தாலும் அன்றே குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

## தோலிலேயே ஏதோ இருக்கிறது

நல்ல வெளிச்சத்தில் குதியைப் பாருங்கள். நேராக அழுத்தினால் வலிக்கும் காய்ப்பு பெரும்பாலும் கால் ஆணி. பக்கவாட்டில் கிள்ளினால் வலித்து, நடுவில் கரும்புள்ளிகள் தெரிந்தால் மரு. ஆழமான பித்தவெடிப்பும் நடக்க முடியாத அளவு வலிக்கும். இரவில் களிம்பு தடவிப் பருத்தி காலுறை போடுங்கள். பிளேடால் சீவ வேண்டாம். முள்ளோ கண்ணாடித் துண்டோ உள்ளே தங்கியிருக்கும் சந்தேகம் இருந்தால் தோண்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆணிப் பிளாஸ்திரி, அமில மருந்து எதையும் தாங்களே போடக்கூடாது. வெந்நீரில் கால் வைப்பதும் வேண்டாம். உணர்ச்சி குறைந்த கால் சூட்டைச் சொல்லாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

## மருத்துவரிடம் போகும்போது

அன்றாடம் போடும் காலணியையே போட்டுக்கொண்டு போங்கள், கழற்றி அதன் அடிப்பாகத்தைக் காட்டுங்கள். வலிக்கும் இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளலாம். எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் அதிகம், என்ன செய்தால் குறைகிறது, எந்தெந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள், இதுவரை எத்தனை ஊசி போட்டிருக்கிறீர்கள், எந்தக் காலில், எந்த இடத்தில் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஊசி போட வேண்டும் என்றால், "இது எந்தத் திசுவுக்குப் போடுகிறீர்கள், அதற்கு முன் செய்து பார்க்க வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கத் தயங்காதீர்கள். பயிற்சி எழுதிக் கொடுத்தால் அங்கேயே ஒருமுறை செய்து காட்டி, சரியாகச் செய்கிறீர்களா என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.